நிலைமாறு வெப்பநிலையா, அவதி வெப்பநிலையா?

கரியமில வாயு என்னும் பெயரைப் பிரித்தால் கரி, அமிலம், வாயு என மூன்று சொற்கள் கிடைக்கும். அப்பொருள் தனியே அமிலம் அன்று; நீரில் கரையும்போதுதான் மெல்லிய அமிலம் தோன்றுகிறது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வேதியியலார் அதனைக் ‘கார்பானிக் ஆசிட்’ என்றே எழுதினர். நம் முன்னோர் அப்பெயரை அப்படியே தமிழாக்கினர். பின்னாளில் அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் மாற்றவில்லை. சிங்கப்பூரின் தமிழ்ச் செய்திகளில் இன்றும் அச்சொல் உலவுகிறது. அப்பொருள் திரவமான பின்னும் பெயரில் வாயு ஒட்டிக்கொண்டிருப்பதால், ‘திரவக் கரியமில வாயு’ என்று எழுத வேண்டிய விந்தையும் நேர்கிறது. இப்பொருளைச் சார்ந்த வேறொரு கலைச்சொல்லின் பிறப்பையும், தமிழில் அது பெற்ற இரு வடிவங்களையும் இவ்வுரையில் ஆராய விழைகிறேன்.

1822-இல் பிரான்சில் கான்யார் டி லா தூர் என்பவர் ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் சாராயத்தையும் ஒரு கல் உருண்டையையும் இட்டு, இறுக அடைத்துச் சூடேற்றினார். குழலை அசைத்தபோது உருண்டை திரவத்தினூடே உருளும் ஓசை கேட்டது. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் அவ்வோசை மாறிவிட்டது. உள்ளே திரவப் பரப்பு என ஒன்று இல்லை. பின்னர்க் கண்ணாடிக் குழாய்களில் அதனைக் கண்ணாலும் கண்டார். இந்நிலைக்கு என்ன பெயர் இடுவது? 1844-இல் மைக்கேல் ஃபாரடே இவ்வினாவைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ஹியூவெலுக்கு எழுதி அனுப்பினார். முன்னரே ஃபாரடேக்கு அனோடு, கேத்தோடு, அயனி ஆகியவற்றுக்கான சொற்களை ஆக்கித் தந்தவர் ஹியூவெல். திரவம் தன் திரவத்தன்மையை இழக்கிறது எனப் பொருள்படும் வடிவங்களை அவர் முன்மொழிந்தார். ஃபாரடேயின் மனம் ஒப்பவில்லை. அப்புள்ளியில் திரவமே ஆவி, ஆவியே திரவம். அங்ஙனமாயின் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்று எவ்வாறு கூறுவது? இதுவே அவர் எழுப்பிய தடை. மொழியியல் மாணவர்க்குப் பாடமாக வைக்கத்தக்க தடை என்பேன். ஏற்ற சொல் கிடைக்காமலே கால் நூற்றாண்டு கழிந்தது.

1869-இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ், லண்டன் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் தம் ஆய்வை முன்வைத்தார். கரியமில வாயுவை நுண்ணிய கண்ணாடிக் குழாயில் அடைத்து அழுத்தினார். 30.92 டிகிரி செல்சியசுக்குக் கீழே அழுத்தினால் திரவம் பிறக்கிறது. அதற்கும் வாயுவுக்கும் நடுவே கோடு தெரிகிறது. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அக்கோடு தோன்றுவதில்லை. அவ்வெப்பத்தைச் சுற்றிக்கொண்டு சென்றால், எந்த இடத்திலும் திடீர் மாற்றம் நேராமலே வாயுவிலிருந்து திரவத்துக்குப் போய்ச் சேரலாம். அவர் இட்ட பெயரே ‘கிரிட்டிக்கல் பாயின்ட்’. இன்றைய அளவீடும் 31 டிகிரியை ஒட்டியதே. அழுத்தம் ஏறத்தாழ 73 வளிமண்டலம்.

குளிர்ந்த பெல்ஃபாஸ்டில் ஆண்ட்ரூஸ் தம் குழாயைச் சூடேற்ற வேண்டியிருந்தது. நம் தேக்காவின் பிற்பகலில் அத்தேவை எழாது. இந்நகரின் அன்றாட உச்ச வெப்பமே 31, 32 டிகிரிதான். சிராங்கூன் சாலை உணவகத்தின் பின்கட்டில் பானங்களுக்கு நுரையூட்ட வைத்திருக்கும் உருளை, காலையில் கீழே திரவமும் மேலே வாயுவுமாக இருந்து, வெயிலேறியதும் அப்பிரிவை இழந்துவிடக்கூடும்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘நிலைமாறு வெப்பநிலை’. ‘மாறுநிலை’ என்னும் வடிவமும் வழங்குகிறது. இலங்கையிலோ ‘அவதி வெப்பநிலை’. இரு சொற்களுக்கும் பின்னே இரு மரபுகள் உள்ளன. 1847 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியின் தொடர்ச்சியாக 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூலும் அச்சேறியது. சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கியது 1916-இல். இரு கரையினரும் பெரும்பாலும் தனித்தனியே உழைத்தனர். ஆகவே ஒரு பொருளுக்கு இரு பெயர்கள்.

‘அவதி’ என்றதும் நமக்குத் துன்பமே நினைவுக்கு வரும். பொருளின் நிலைகளை இலங்கையார் ‘அவத்தை’ என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேதியியல் மாணவரின் மனநிலையை அப்படியே பெயரிட்டுவிட்டார்களோ என நகைக்கத் தோன்றும். ஆயினும் வடமொழி மூலத்தில் அவதி என்பது எல்லை, கடைசி வரம்பு. ‘நிலைமாறு’ என்பதோ நிலை மாறும் இடம். நீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாவதும் நிலைமாற்றம்தானே? கிரிட்டிக்கல் என்று ஆண்ட்ரூஸ் குறித்தது, அத்தகைய மாற்றம் இனிக் காணக் கிடையாது என்னும் வரம்பை. ஹியூவெலின் சொற்களுக்கு ஃபாரடே எழுப்பிய தடை, ‘நிலைமாறு’ என்பதற்கும் ஓரெழுத்து மாறாமல் பொருந்துகிறது. கேட்கத் தமிழாக ஒலிக்கும் சொல் கருத்தில் வழுவுகிறது. அயலாக ஒலிப்பது சரியாக நிற்கிறது.

தனிப் பொருளுக்கே இவ்வளவு இடர் என்றால், கலவைக்கு? இங்கே மண்ணெண்ணெயை அழைக்க வேண்டும். எண்ணெய் என்பது எள்ளின் நெய். மண்ணெண்ணெய் மண்ணிலிருந்து கிடைத்த எள்ளின் நெய்! மலாயில் அது ‘மின்யாக் தானா’, மண்ணின் எண்ணெய். இரு மொழியினரும் அதனை ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றனர். நகருக்குள் பெருமளவில் தேக்கி வைக்க இசைவு கிடைக்காததால், 1891-இல் புலாவ் புக்கோம் தீவில் அதற்கான சேமிப்பிடம் எழுந்தது. 1892-இல் ‘மியூரெக்ஸ்’ கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயைச் சூயஸ் வழியே கொண்டுவந்து அங்கே இறக்கியது. 1961-இல் அதே தீவில் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது.

மண்ணெண்ணெய் ஏறத்தாழ 10 முதல் 16 வரை கார்பன் அணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்களின் கலவை. கரியமில வாயு இத்தகையவற்றோடு சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை 1960-களில் ஜெர்மனியில் ஷ்னைடரும் அவர் குழுவினரும் அளந்தனர். தனிப் பொருளுக்கு அவதி ஒரு புள்ளி. இரு பொருட் கலவைக்கு அது ஒரு கோடு. ஹைட்ரோகார்பன் 12 கார்பன் வரை உள்ள நேர்ச்சங்கிலியாயின், அக்கோடு ஒரு பொருளின் புள்ளியிலிருந்து மற்றதன் புள்ளி வரை அறாமல் ஓடுகிறது. 14-உம் அதற்கு மேலும் ஆயின் நடுவே முறிந்துவிடுகிறது. 13 இடைப்பட்ட வகை. முறிந்த இடத்தை ஒட்டி ஒரே கலத்தில் எண்ணெய் மிகுந்த திரவம், கரியமில வாயு மிகுந்த திரவம், மேலே வாயு என மூன்றும் உடனிருக்கும். விளக்கேற்ற நம்மவர் வாங்கிய மண்ணெண்ணெய்க்குள்ளேயே இவ்வெல்லை ஓடியிருக்கிறது! தொல்காப்பியம் உலகை ஐம்பூதங்களின் மயக்கம் என்கிறது. எம்மெய் எம்மெய்யோடு நிற்கும், எதனோடு நில்லாது என்பதற்கும் மெய்ம்மயக்கம் என்றே பெயர். இவ்வகைக் கலவைகளைக் குறிக்க ‘கலவை’ என்பதினும் ‘மயக்கம்’ பொருத்தமானது என எண்ணுவதுண்டு. பாடநூலில் எழுதினால் மாணவர் மயங்கி விழுவர் என்பதால் வற்புறுத்தவில்லை.

இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. கரியமில வாயுவை நிலத்தடியில் புதைக்கத் தக்க பாறையமைப்புச் சிங்கப்பூரில் இல்லை. அதனால் எல்லை தாண்டிய சேமிப்புக்கென 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவுடன் விருப்பக் கடிதம் கையெழுத்தாயிற்று. பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே வெப்பம், அழுத்தம் இரண்டும் அவதியைக் கடந்துவிடுகின்றன. அங்கு இருப்பது திரவம் அன்று, வாயுவும் அன்று. வற்றிய எண்ணெய் வயலாயின், எஞ்சிய கனமான எண்ணெயோடும் அது சேரும். டெக்சாசில் 1972 முதல் எண்ணெயை வெளிக்கொணர இதனையே பெருமளவில் செலுத்தி வருகின்றனர். எண்ணெய் அதனை ஏற்று உப்பி இளகுகிறது. சில வேளை தார் போன்ற கனமான பகுதி பிரிந்து பாறைத் துளைகளை அடைத்துவிடுகிறது. இவற்றைத் தமிழில் எழுதப் புகும் செய்தியாளர் ‘திரவமாக்கிப் புதைக்கிறார்கள்’ என்றோ ‘வாயுவை அடைக்கிறார்கள்’ என்றோ எழுதினால், அக்கம்பக்கத்து மக்கள் எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டா என்பது மறைந்துபோகும்.

உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்தில்தான். இதனை இழப்பு என்றே கருதுகிறேன். ஆயினும் சென்னைப் பாடநூலுக்கோ கொழும்புப் பாடநூலுக்கோ நாம் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்னும் உரிமை எஞ்சியிருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவதி வெப்பநிலை’யை எடுத்துக்கொள்ளட்டும், கலவைக்கு ‘அவதிக்கோடு’, நிலத்தடியில் உள்ளதற்கு ‘அவதி கடந்த பாய்மம்’. தனித்தமிழ் அன்பர்கள் ‘எல்லை’ போதாதா என்பர். எல்லைக்கோடு என்றதும் இரு நிலங்களைப் பிரிக்கும் கோடே கண்முன் வருகிறது. 31 டிகிரியில் ஆண்ட்ரூஸின் குழாயில் மறைந்தது அந்தக் கோடுதான்.