ஆமை வண்டியும் அதைப் புதுப்பிப்போரும்

மலாய்க்காரர் 'கூரா-கூரா' என்று அழைக்கும் ஜெர்மானியக் கார் ஒன்றுண்டு. கூரா-கூரா என்றால் ஆமை. வளைந்த முதுகும் தாழ்ந்த முகமும் கொண்ட அவ்வண்டியைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கார். ஜெர்மானியர் அதனை வண்டு என்றனர். பிரேசில் நாட்டார் 'ஃபுஸ்கா' என்றும் மெக்சிகோ நாட்டார் 'வோச்சோ' என்றும் செல்லப் பெயரிட்டனர். நிறுவனத்தின் பெயர் வோக்ஸ்வேகன். 'மக்கள் வண்டி' என்பது அதன் பொருள். 1960-களின் இறுதியில் சிலாங்கூரின் ஷா ஆலாமிலேயே இவ்வண்டி பூட்டி முடிக்கப்பட்டதை மூத்தவர் பலர் அறிவர்.

மெக்சிகோவின் புவெப்லா நகரில் 2003-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் இவ்வகையின் கடைசி வண்டி வெளிவந்தது. அதன் வரிசை எண் 2,15,29,464. அத்துடன் உற்பத்தி நின்றது, பழுதுபார்ப்பது நிற்கவில்லை. எழுத்தர், ஆசிரியர், மருத்துவர் எனத் தொழிலால் மெக்கானிக் அல்லாதோர் பலரும் துருவேறிய பழைய ஆமை வண்டியொன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, அதைத் தம் கையாலேயே புதுப்பிக்கின்றனர். அழகிலும் வேகத்திலும் இதனை விஞ்சிய பழைய கார்கள் எத்தனையோ உள. அவற்றை விட்டு இவ்வண்டியைத் தேடி இத்தனை பேர் போவானேன்? இதற்கு விடை வண்டியின் பிறப்பிலேயே உள்ளது.

1934-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மானிய மோட்டார்த் தொழிலாளர் அல்லர், மோட்டார் உற்பத்தியாளரின் சங்கம், பெர்டினாண்டு போர்ஷே என்னும் பொறியாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆட்சியிலிருந்த ஹிட்லரின் விருப்பம் அதன் பின்னணி. பெற்றோர் இருவரும் பிள்ளைகளும் அமர வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் களைப்பின்றி ஓட வேண்டும். விலையோ 1,000 மார்க்குக்குள் அடங்க வேண்டும். இவற்றோடு, எஞ்சினைத் தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதன் காரணம் எளியது. சாதாரணக் குடும்பத்துக்குக் கார் நிறுத்தக் கொட்டகை இல்லை. வண்டி பனிக்காலம் முழுதும் தெருவில்தான் நிற்கும். தண்ணீர் உறைந்தால் விரிவடையும். விரிந்தால் எஞ்சின் வெடிக்கும். காற்று உறைவதுமில்லை, கொதிப்பதுமில்லை. ரேடியேட்டர் இல்லை, ரப்பர்க் குழாய் இல்லை, தண்ணீர் பம்பு இல்லை. எனவே அவை கெடுவதும் இல்லை. ஏழையின் தெருவை எண்ணிச் செய்த இந்த முடிவே எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின் வெப்ப நாட்டில் வாழும் ஒருவர் வீட்டு முற்றத்தில் தாமே எஞ்சினைக் கழற்றுவதற்கும் வழி செய்தது.

இப்புகழ் முழுவதையும் போர்ஷேக்கு அளிப்பது முறையன்று. செக்கோஸ்லோவாக்கியாவில் தாத்ரா நிறுவனத்தின் பொறியாளர் ஹன்ஸ் லெட்விங்கா, காற்றால் குளிரும் எஞ்சினைப் பின்புறத்தில் வைத்த கார்களை 1930-களிலேயே செய்து காட்டினார். தாத்ரா தொடுத்த உரிமை வழக்கு, ஜெர்மனி அந்நாட்டைக் கைப்பற்றியதால் அமுங்கிப் போயிற்று. 1965-இல்தான் வோக்ஸ்வேகன் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. யோசெப் கான்ஸ் என்ற யூதப் பொறியாளர் சிறிய மக்கள் காருக்காகத் தம் இதழில் ஓயாது எழுதியவர்; அவருடைய கருத்துகளைத் தழுவிய கார் ஒன்று 1933-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் கைது செய்யப்பட்டார். பின் நாட்டை விட்டு ஓடி, ஆஸ்திரேலியாவில் மறைந்தார். லெட்விங்காவும் கான்ஸும் இறந்தது ஒரே ஆண்டில்: 1967.

ஆலைக்கு அடிக்கல் 1938 மே 26-இல் நாட்டப்பட்டது. வாரத்துக்கு 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டி வந்தால் கார் கிடைக்கும் என்று மக்களிடம் கூறப்பட்டது. ஏறத்தாழ 3,36,000 பேர் பணம் கட்டினர். அவர்களில் ஒருவருக்கும் கார் வரவில்லை, போர் வந்தது. ஆலை படைவண்டிகள் செய்தது. அங்கு வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்பட்ட பிற நாட்டாரும் கைதிகளும் சுமார் 20,000 பேர். முத்திரை ஒட்டியவர்கள் போருக்குப் பின் வழக்காடி, 1961-இல் புதுக் காரின் விலையில் 600 மார்க் கழிவோ, அல்லது 100 மார்க் ரொக்கமோ பெற்றனர். அழகிய ஆமையைப் பாராட்டுவோர் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் நன்று.

போர் முடிந்தபோது ஆலையின் கூரை குண்டுகளால் பிளந்து கிடந்தது. அதைக் கழற்றி இழப்பீடாகக் கொண்டுபோவது என்ற பேச்சும் இருந்தது. 1945 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படையின் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அங்கே பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 29. கடிகாரத் தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. ஆலையில் எஞ்சியிருந்த ஒரு காருக்குப் படைப் பச்சை வர்ணம் பூசித் தலைமையகத்துக்கு அனுப்பிக் காட்டினர். போக்குவரத்துக்கு வண்டியின்றித் தவித்த பிரிட்டிஷ் நிர்வாகம் 20,000 வண்டிகளுக்கு உத்தரவு கொடுத்தது. இந்த உத்தரவே ஆலையைக் காத்தது. 1946-இல் ஏறக்குறைய 10,000 வண்டிகள் வெளிவந்தன. பிரிட்டிஷ் கார் முதலாளிகளோ வண்டியைப் பார்வையிட்டு, இது விலைபோகாது என்று ஒதுக்கிவிட்டனர். வணிகர் கண்ணுக்குத் தெரியாதது பழுதுபார்க்கும் படைவீரர் கண்ணுக்குத் தெரிந்தது. உதிரிப் பாகங்கள் முறையாகக் கிடைப்பதற்கும், பழுதுபார்ப்போரைப் பயிற்றுவதற்கும் அடிகோலப்பட்டதும் ஹர்ஸ்ட் இருந்த காலத்திலேயே.

1948 தொடக்கத்தில் பொறுப்பேற்ற ஹைன்ரிக் நோர்ட்ஹோப், ஆண்டுக்கொரு புது வடிவம் என்ற அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றவில்லை. வெளித்தோற்றம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. உள்ளே மாற்றங்கள் ஓசையின்றி நடந்தன. இரண்டாகப் பிளந்திருந்த பின் கண்ணாடி 1953-இல் ஒரே முட்டை வடிவமாயிற்று, 1957-இல் அகலமாயிற்று. எஞ்சின் 1,131 கன சென்டிமீட்டரிலிருந்து படிப்படியாக 1,600 வரை வளர்ந்தது. ஆயினும் பின் வந்த எஞ்சினைச் சிறு மாற்றங்களுடன் முன் வந்த வண்டியிலும் பூட்ட முடிகிறது. 1972 பிப்ரவரி 17-ஆம் நாள் 1,50,07,034-ஆவது வண்டி வெளிவந்து, ஃபோர்டு 'டி' காரின் சாதனை முறியடிக்கப்பட்டது. இத்தனை வண்டிகள் ஒரே அச்சில் இருந்ததால்தான் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது.

இனி, பழைய ஆமை வண்டியொன்றைப் புதிதாக வாங்கியவர் எதிர்கொள்வன யாவை எனக் காண்போம். மழை மிகுந்த நாட்டில் முதற் பகை துரு. பின் இருக்கையைத் தூக்கினால் பேட்டரி. அதன் அடித்தகட்டை அமிலமும் ஈரமும் சேர்ந்து தின்றிருக்கும். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் குழல் போன்ற பகுதி குளிர் நாட்டில் வெப்பக் காற்றை உள்ளே கொண்டுவருவதற்காக அமைந்தது. நம் நாட்டில் அவ்வெப்பம் யாருக்கும் வேண்டாம். ஆனால் வண்டியின் உறுதி அக்குழலில் இருக்கிறது. வெளியே பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு மயங்காமல் குனிந்து கீழே பார்ப்பவர் ஏமாறுவதில்லை.

அடுத்தது பெட்ரோல் குழாய். எஞ்சின் அறையில் உள்ள துணி சுற்றிய ரப்பர்க் குழாய் காய்ந்து வெடித்தால் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டும். எஞ்சினின் உடற்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. தீப்பற்றினால் அணைப்பது அரிது. பல நல்ல வண்டிகள் சாம்பலானது மலிவான ஒரு முழக் குழாயை மாற்றாததால்தான். அனுபவம் உள்ளோர் வண்டியைக் கொண்டுவந்த அன்றே இதனை மாற்றிவிடுவர்.

எஞ்சின் வண்டியோடு பிணைந்திருப்பது நான்கே இடங்களில். அவற்றைக் கழற்றிப் பின்பக்கமாக இழுத்துக் கீழே இறக்கிவிடலாம்; இரண்டு ஆட்கள், ஒரு ஜாக்கி, கொஞ்சம் பொறுமை போதும். நான்கு சிலிண்டர்களும் படுத்த நிலையில் பக்கத்துக்கு இரண்டாக உள்ளன. தண்ணீர் எஞ்சினில் சிலிண்டர்கள் ஒரே வார்ப்பாக இருப்பதால், தேய்ந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைய வேண்டும். இதிலோ ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி இரும்புக் குழல். வெளியே வெப்பத்தைச் சிதறவிடும் வளைய விளிம்புகள். தேய்ந்ததை உருவி எடுத்துப் புதியதைச் செருகலாம். கற்பவன் கைக்கு எட்டும் எஞ்சின் என்பது இதுவே.

காற்று வருவது எவ்வாறு? எஞ்சினின் சுழற்சி ஒரு பெல்ட் வழியே டைனமோவைச் சுழற்றுகிறது; டைனமோவின் மறுமுனையில் விசிறி. ஆகவே மின்சாரமும் குளிர்ச்சியும் ஒரே பெல்ட்டில் தொங்குகின்றன. ஓட்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று எண்ணி ஓட்டிச் செல்லலாகாது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் வெந்துவிடும். விசிறி தள்ளும் காற்றைத் தகரக் கவசங்கள் சிலிண்டர்களின்மேல் செலுத்துகின்றன. எஞ்சின் அறையைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டை உண்டு. கீழே வெளியேறிய சூடான காற்று மீண்டும் மேலேறி விசிறிக்குள் புகாமல் தடுப்பது அதன் வேலை. பழுதுபார்த்தவர் பலர், 'இந்தத் தகரம் எதற்கு?' என்று தூக்கி எறிந்திருப்பர். காற்றால் குளிரும் எஞ்சினில் தகரம் அலங்காரமன்று. ரேடியேட்டரில் தண்ணீர் எப்படியோ இதில் தகரம் அப்படி.

ஒரு குறையையும் கூற வேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி விசிறிக் கூட்டினுள், 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. அதனால் அச்சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகி, அதன் வால்வு நீண்டு, சிலவேளை தலை முறிந்து பிஸ்டனை உடைத்தது. 1971 மாடலில்தான் அப்பகுதி வழிவிட்டு ஒதுங்கியது. பழைய வண்டிக்காரரைக் காப்பது வால்வின் இடைவெளியைத் தவறாது பார்ப்பதுதான். எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும்போது, மெல்லிய தகட்டை நுழைத்துப் பெரும்பாலான வகைகளுக்கு 0.15 மில்லிமீட்டர் வைப்பர். இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் வால்வு நீள்கிறது என்று பொருள். உடையும் முன்பே நோயைச் சொல்லிவிடும் எஞ்சின் இது. கேட்பவன் இருக்க வேண்டும்.

கேட்கக் கற்பித்தவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வாழ்ந்த ஜான் மியூர். விமானத் தொழிலில் இருந்த பொறியாளர். அதை விட்டு விலகி எளிய வாழ்வை நாடியவர். 1969-இல் அவர் தாமே வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் கூறினால் 'உங்கள் வோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி' என்றாகும். முழு மூடனுக்கும் உரிய படிப்படியான கையேடு என்று துணைத் தலைப்பு. மூடன் என்று அழைத்ததில் இகழ்ச்சி இல்லை; ஒன்றும் தெரியாது என்று தொடங்குபவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைப்பதே அதன் நோக்கம். பீட்டர் அஷ்வாண்டன் என்னும் ஓவியர் வரைந்த நகைச்சுவை கலந்த படங்கள் பாகங்களின் இடத்தைத் துல்லியமாகக் காட்டின. வேலை செய்யும்போது மூடிக்கொள்ளாமல் விரிந்து கிடக்கும்படி ஏடுகள் சுருள் கம்பியால் கோக்கப்பட்டன.

ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது நூலின் அமைப்பு. நிறுவனக் கையேடுகள் எஞ்சின், கியர், பிரேக் என்று பாகத்தின் பெயரால் பிரிவன. மியூரின் நூலோ ஓட்டுபவன் காண்பதாலும் கேட்பதாலும் பிரிந்தது. சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நிற்க மறுக்கிறது, நடுங்குகிறது, உறுமுகிறது என்பன போன்றவையே அதன் வாயில்கள். பாகத்தின் பெயர் தெரிந்தவனுக்குத்தான் முதல்வகை நூல் பயன்படும். பெயர் தெரியாதவனும் ஓசையைக் கேட்பான். கலைச்சொற்கள் போதாமையால் தொழில்நூல் எழுதுவதற்கில்லை என்று தமிழில் கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். நம் பட்டறைகளில் தமிழ்த் தொழிலாளர் ஒரு ஓசைக்கும் மற்றோர் ஓசைக்கும் வைத்திருக்கும் சொற்கள் எத்தனை! அவற்றில் பல ஏட்டில் ஏறாமலே அவர்களோடு போய்விட்டன. மியூர் 1977-இல் மறைந்தார். நூல் பல பதிப்புகள் கண்டு, இருபது லட்சத்துக்கு மேல் விற்றது.

புதுப்பிப்போரிடையே இன்று ஒரு வழக்கு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே திருகாணி முதல் வர்ணம் வரை இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். 6 வோல்ட்டை 12 ஆக்கி, பெரிய எஞ்சின் பூட்டி ஓட்டினால் என்ன என்பர் மற்றொரு சாரார். பிளந்த கண்ணாடியுடன் எஞ்சிய மிகச் சில வண்டிகளுக்கு முதற் கட்சியின் வாதம் பொருந்தும். லட்சக்கணக்கில் வந்த பிற்கால வண்டிகளுக்கு அத்தனை கண்டிப்பு மிகை எனவே தோன்றுகிறது. நோர்ட்ஹோப் காலத்து ஆலையே ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்த வண்டிதானே இது. புவெப்லாவின் கடைசி வண்டி இளநீல நிறத்தில் கப்பலேறி, வோல்ஃப்ஸ்பர்க் நகரில் உள்ள நிறுவன அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதனைக் கழற்றிப் பூட்ட யாருக்கும் இடமில்லை. மற்றவை முற்றங்களில், ஜாக்கியின்மேல், தகரக் கவசம் திரும்பக் கிடைக்கும் நாளை எதிர்பார்த்து நிற்கின்றன.