எத்தனை பேப்பர்?: ஓர் எண்ணிக்கை அதிகாரமான வரலாறு

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, ஆய்வுப் பட்டமும் வாங்கி, கல்லூரி வேலைக்குப் போகிற ஒருவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'எத்தனை பேப்பர்?' என்பதுதான். அந்தப் பேப்பர்களில் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. எண்ணைக் கேட்டாச்சு, கட்டத்தில் நிரப்பியாச்சு, அடுத்த ஆளைக் கூப்பிடு. ரொம்ப இயல்பான கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் இயல்பாகத் தெரிகிற எதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எண்ணத் தொடங்கியவர்கள் எதற்காக எண்ணினார்கள், அந்த எண் எப்போது தனி ஆளின் கழுத்தில் மாட்டப்பட்டது என்பதை இங்கே கொஞ்சம் பார்க்கலாம்.

1

1926இல் ஆல்ஃபிரட் லோட்கா என்பவர் வேதியியல் கட்டுரைகளின் பெயரடைவு ஒன்றை வைத்துக்கொண்டு, யார் எத்தனை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினார். ஒரு கட்டுரை எழுதியவர்கள் நூறு பேர் என்றால், இரண்டு எழுதியவர்கள் சுமார் 25 பேர், மூன்று எழுதியவர்கள் சுமார் 11 பேர். மொத்தத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒரே ஒரு கட்டுரையோடு நின்றவர்கள். லோட்கா வேலை பார்த்தது அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில். காப்பீட்டுக் கணக்கின் தர்க்கம் நமக்குத் தெரியும். ஆயிரம் பேரில் இந்த வருஷம் எத்தனை பேர் சாவார்கள் என்று அது சொல்லும். நீங்கள் எப்போது சாவீர்கள் என்று சொல்லாது. லோட்காவின் எண்ணும் அப்படித்தான். அது கூட்டத்தைப் பற்றிய எண்.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் வருகிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த நூலகர் மாநாட்டில், நூலக வேலைக்கும் புள்ளியியல் வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைத்தார். அங்கேயும் எண்ணப்பட்டது புத்தகங்களும் அவற்றின் புழக்கமும்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. அவர் எண்ணியது வாசிப்புக்கு வழிவிடுவதற்காக.

1964இல் யூஜின் கார்ஃபீல்டு பிலடெல்பியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அடைவை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க உதவிய கருவி அது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கென்று 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் லை தொடங்கிய டிபிஎல்பி பட்டியலும் அப்படி வந்ததே. அதையும் ஒரு நூலகரின் வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

2

பிறகு என்னாச்சு? கார்ஃபீல்டின் நிறுவனம் 1992இல் தாம்சன் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இன்று அந்த அடைவு கிளாரிவேட் என்ற கம்பெனியின் கையில் இருக்கிறது. 2004இல் எல்செவியர் பதிப்பகம் ஸ்கோபஸைக் கொண்டுவந்தது. கட்டுரையை அச்சிடுகிறவரே எண்ணுகிறவராகவும் ஆனார். 2005இல் ஹெர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச் எண்' என்று ஒன்றை முன்வைத்தார். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு ஒரே எண்ணுக்குள் அடங்கியது. டிபிஎல்பியின் தரவை எடுத்து, தேர்ந்தெடுத்த மாநாடுகளை மட்டும் கணக்கில் வைத்துத் துறைகளையும் ஆசிரியர்களையும் வரிசைப்படுத்துகிற சிஎஸ்ரேங்கிங்ஸும் வந்தது. அதில் நால்வர் சேர்ந்து எழுதினால் ஆளுக்குக் கால் கட்டுரை.

இங்கே அரசே எண்ணத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல், ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு வந்தது. 2016 முதல் கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசை வெளியாகிறது; அதிலும் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. எந்த இதழில் எழுதினால் செல்லும் என்று 2019இல் ஒரு பட்டியல் வந்தது. 2025இல் அதைக் கைவிட்டார்கள். கட்டாயக் கட்டுரை விதியும் 2022இல் நீக்கப்பட்டது. விதி போனாலும் பழக்கம் போகவில்லை. கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் இன்னும் எண்தான் சிரிக்கிறது.

3

மற்ற துறைகளைவிடக் கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்த எண் அதிகமாகவே பொய் சொல்கிறது. அந்தத் துறையில் முக்கியமான வேலை மாநாட்டில் வரும், ஒரு புரோகிராமாக வரும், ஒரு பாடப்புத்தகமாக வரும். இதைத்தான் 1999இல் அமெரிக்கக் கணிப்பொறி ஆய்வுச் சங்கத்துக்காக பேட்டர்சன், ஸ்னைடர், உல்மன் மூவரும் எழுதிய குறிப்பு சொன்னது. 2007இல் டேவிட் பார்னாஸ் 'எண்ணிக்கை விளையாட்டை நிறுத்துங்கள்' என்றே தலைப்பிட்டு எழுதினார். எண்ணுவதால் மேலோட்டமான, திரும்பத் திரும்பச் சொல்கிற சின்னச் சின்ன ஆய்வுகள் பெருகும் என்பது அவர் வாதம்.

பெருகின. 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர், அர்த்தமே இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரைகளைத் தானே எழுதுகிற புரோகிராம் ஒன்றைச் செய்தார்கள். அது எழுதிய கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014இல் ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் அதே மாதிரி போலிக் கட்டுரைகள் 120க்கும் மேல் நீக்க வேண்டியதாயிற்று. 2021இல் கபனாக், லபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வேறொரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். திருட்டை மறைக்க, சொற்களை மெஷினில் போட்டு மாற்றியிருந்தார்கள். 'செயற்கை அறிவு' என்பது 'கள்ள உணர்வு' ஆகியிருந்தது. ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், பதிப்பகம் என்று இத்தனை பேரையும் தாண்டி இது அச்சாகியிருக்கிறது. ஒருவரும் வாசிக்கவில்லை. எண்ண மட்டும் செய்தார்கள்.

இதன் பக்கத்தில் நம்ம ஊர்க் கட்டுரை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பற்றி எழுதினார்கள். எழுத்துகளின் வரிசைக்கு விதி எழுத முடியும் என்றால், வாசலில் நாலா பக்கமும் விரிகிற கோலத்துக்கும் விதி எழுத முடியாதா? அந்தக் கேள்வியிலிருந்து பட மொழிகளின் இலக்கணம் என்ற ஆய்வு இங்கே வளர்ந்தது. எண்ணிக்கைப் பட்டியலில் அது 'ஒன்று'. மெஷின் எழுதிய உளறலும் 'ஒன்று'. புள்ளி வைத்துக் கோலம் போட்ட பெண்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். 2002இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற மாணவர்களும், ஓர் எண் பகா எண்தானா என்பதைக் குறுகிய நேரத்தில் உறுதியாகச் சொல்லும் வழியைக் கண்டார்கள். அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த அந்த இருவரிடம் 'எத்தனை பேப்பர்?' என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

பட்டியலுக்கு நம் பெயர்களே பிடிபடுவதில்லை என்பது இன்னொரு கூத்து. தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாரம் குடும்பப் பெயர் கேட்கிறது. அப்பா பெயரைப் போடுகிறோம். மகள் செய்த ஆய்வு அப்பா பெயரில் ஏறுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் அவள் இரண்டு பேர் ஆகிறாள். எஸ். குமார்கள் எல்லோரும் ஒரே ஆள் ஆகிறார்கள்.

4

இந்த எண் நம் வட்டாரத்துக்குப் புதிசு இல்லை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலிருந்தே ஷூவுக்கு அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. பீடி சுற்றினால் ஆயிரத்துக்கு இவ்வளவு. துண்டுக் கூலி பற்றி மார்க்ஸ் 1867இல் 'மூலதன'த்தில் ஓர் அத்தியாயமே எழுதினார். மேஸ்திரி நின்று அதட்டத் தேவையில்லை. தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வார் என்பது அதன் சாரம். இன்று கல்லூரி ஆசிரியர் மாநாட்டுக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டிப் பேப்பர் சுற்றுகிறார். கூலிக்காரருக்காவது நூலும் இலையும் முதலாளி தருவார்.

எதை எண்ணுகிறோம் என்பதில் எதை விடுகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது. தோல் ஏற்றுமதியின் டாலரை வருஷா வருஷம் எண்ணினார்கள். அதற்குப் பாலாற்றங்கரை கொடுத்த விலை உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில்தான் பெரிய எழுத்தில் வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஆக எண் நமக்கு எதிரி இல்லை. மக்கள் வழக்குப் போட்டு எண்ண வைத்த எண்ணும் இருக்கிறது.

ஆனால் அதே டேனரியில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தோலைத் தரம் பிரிக்கிற செலக்ஷன் மேசையில் எத்தனை தோல் என்ற எண் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு தோலையும் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, உண்ணிக்கடி, கீறல், சூட்டுத் தழும்பு பார்த்துத்தான் முதல் தரம், இரண்டாம் தரம் என்று போடுகிறார்கள். ஆட்டுத்தோலுக்குக் கிடைக்கிற இந்தக் கவனம் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை.

5

இங்கே ஒரு எதிர்க்கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. 'வாசித்துப் பார்த்து முடிவு செய்கிறோம்' என்று சொன்னவர்கள் இங்கே எப்படி முடிவு செய்தார்கள்? சாதி பார்த்தார்கள், சிபாரிசு பார்த்தார்கள். 'தகுதி' என்ற சொல் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. எண்ணாவது குருட்டு எண். என் பேப்பர் பத்து என்றால் பத்துதானே என்று ஒரு தலித் ஆய்வாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணும் குருடு இல்லை. கட்டணம் கட்ட வசதி இருப்பவருக்கு எண் கூடும். இருபது மாணவர்களை வைத்திருக்கும் வழிகாட்டிக்கு இருபது பேர் பேப்பரிலும் பெயர் ஏறும். வசதி இருக்கிறவனுக்குத்தான் எண்ணும் வளைகிறது.

இதற்கு வழி பீடித் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஏஜென்ட் 'இது கழிவு' என்று ஒதுக்கும் பீடிக்கும் அதன் கூலிக்கும் தகராறு வந்தால், அதைத் தீர்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நிராகரிக்கிறவர் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அது. அமெரிக்கச் சங்கமும் 2015இல், வேலைக்கு எடுக்கும்போது ஒருவரின் சிறந்த ஒன்றிரண்டு கட்டுரைகளை, பதவி உயர்வுக்கு மூன்று முதல் ஐந்து கட்டுரைகளை வாசித்து முடிவு செய்யச் சொன்னது. இரண்டையும் சேர்த்தால் நம் கோரிக்கை கிடைக்கும்: இரண்டு கட்டுரைகளை வாசி, வாசித்ததை எழுது, நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடு, அந்தக் காரணத்தை எதிர்த்துப் பேச இடம் கொடு.

இது கம்ப்யூட்டர்காரர்கள் பிரச்சினை என்று தமிழ் படித்தவர்கள் ஒதுங்க முடியாது. கருத்தரங்கு நடக்கிற அன்றைக்கே நூறு கட்டுரைகள் தலையணை மாதிரித் தொகுப்பாக அச்சாகி வருகிற துறை நம்முடையது. அந்தத் தொகுப்பில் நாலு பக்கம் போட்டால் புள்ளி உண்டு. எண் வாங்காத சிற்றிதழில் நாற்பது பக்கம் யோசித்து எழுதினால் புள்ளி இல்லை. அங்கே வாசகர் இல்லை, இங்கே இருக்கிறார். கணக்கில் வராத அந்த வாசகரை நம்பித்தான் தமிழில் விமர்சனம் என்று ஒன்று இத்தனை காலம் நடந்திருக்கிறது.