இலங்கை அதிபர் தேர்தல்: ரணில், சஜித், அநுர ஆகியோரின் பின்னணி என்ன? பொருளாதாரம், அதிகாரப் பகிர்வில் யார் எந்தப் பக்கம்?

பொருளாதார வீழ்ச்சிக்கும் மக்கள் எழுச்சிக்கும் பிறகு இலங்கை சந்தித்த முதல் அதிபர் தேர்தல் 2024 செப்டம்பர் 21-ம் தேதி, சனிக்கிழமை நடைபெற்றது. 22 தேர்தல் மாவட்டங்களில் 1.71 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். 39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட நிலையில், அவர்களில் ஒருவர் ஆகஸ்ட் மாதம் காலமானதால் 38 பேர் களத்தில் இருந்தனர். அவர்களில் ஒருவர்கூட பெண் இல்லை.

அப்போதைய அதிபர் ரணில் விக்ரமசிங்கே, எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசா, தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஆகிய மூவருக்கும் இடையேதான் முதன்மையான போட்டி நிலவியது. சர்வதேச நிதியத்தின் கடனுதவித் திட்டத்திலிருந்து முற்றாக வெளியேறுவோம் என்று இம்மூவரில் எவரும் கூறவில்லை. மீட்சிக்கான விலையை யார் கொடுப்பது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

தேர்தலின் பின்னணி

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. மக்கள் போராட்டம் உச்சம் அடைந்த நிலையில், அதிபர் கோத்தபய ராஜபக்சே ஜூலை 13-ம் தேதி நாட்டை விட்டு வெளியேறி, மறுநாள் பதவி விலகினார். எஞ்சிய பதவிக்காலத்துக்கு ரணில் விக்ரமசிங்கேவை ஜூலை 20-ம் தேதி நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. அந்த வாக்கெடுப்பில் ரணிலுக்கு 134 வாக்குகளும் அநுரவுக்கு 3 வாக்குகளும் கிடைத்தன.

2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 290 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கான நிபந்தனைகளின்படி வரிகளும் மின் கட்டணமும் உயர்த்தப்பட்டன. மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 15-லிருந்து 18 சதவீதமானது. பணவீக்கம் 2024 ஆகஸ்டில் 0.5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால், மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டிருந்தது. முதல் புள்ளிவிவரத்தை ரணில் முன்வைத்தார். அவரது எதிரணியினர் இரண்டாவதைச் சுட்டிக்காட்டினார்கள்.

ரணில் விக்ரமசிங்கே (2024-ல் 75 வயது)

கொழும்பின் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் 1949-ல் பிறந்தவர். சட்டம் பயின்றவர். முன்னாள் அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனேவின் உறவினர். 1977-ல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆறு முறை பிரதமராகப் பதவியேற்றவர். 2002-ல் பிரதமராக இருந்தபோது விடுதலைப் புலிகளுடன் போர் நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டார்.

அதிபர் தேர்தலில் 1999-ல் சந்திரிகா குமாரதுங்காவிடமும், 2005-ல் மகிந்த ராஜபக்சேவிடமும் தோல்வியடைந்தார். 2005-ல் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பால் வடக்கில் தமிழர்கள் பெருமளவில் வாக்களிக்காததே அவரது குறுகிய தோல்விக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் அவரது ஐக்கிய தேசியக் கட்சி நேரடியாக ஓர் இடத்தில்கூட வெற்றி பெறவில்லை. தேசியப் பட்டியல் மூலம் கிடைத்த ஒரே இடத்தைக் கொண்டு 2021-ல் அவர் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். இத்தேர்தலில் சுயேச்சையாக எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் போட்டியிட்டார்.

சஜித் பிரேமதாசா (2024-ல் 57 வயது)

முன்னாள் அதிபர் ரணசிங்க பிரேமதாசாவின் மகன். 1993 மே 1-ம் தேதி குண்டுவெடிப்பில் தந்தை கொல்லப்பட்டார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பயின்ற சஜித், 2000-ல் தெற்கே உள்ள அம்பாந்தோட்டை மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றார். 2015-க்குப் பிறகு வீட்டுவசதி அமைச்சராகப் பொறுப்பு வகித்தார்.

2019 அதிபர் தேர்தலில் 41.99 சதவீத வாக்குகள் பெற்று, கோத்தபயவிடம் தோற்றார். ரணிலுடனான கட்சித் தலைமைப் போட்டி முற்றியதால் 2020-ல் பிரிந்து ஐக்கிய மக்கள் சக்தியைத் தொடங்கினார். அக்கட்சி அந்த ஆண்டு 54 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியானது. சின்னம் தொலைபேசி.

அநுர குமார திசாநாயக்க (2024-ல் 55 வயது)

அநுராதபுரம் மாவட்டம் தம்புத்தேகமவில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். களனிப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர். மாணவப் பருவத்திலேயே மக்கள் விடுதலை முன்னணியில் (ஜே.வி.பி.) இணைந்தார். 2000-ல் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2004-ல் வேளாண் அமைச்சரானார். சுனாமி நிவாரணத்தை விடுதலைப் புலிகளுடன் இணைந்து வழங்கும் ஏற்பாட்டை எதிர்த்து 2005-ல் அவரது கட்சி அரசிலிருந்து விலகியது.

1971-லும் 1987-89 காலத்திலும் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய கட்சி ஜே.வி.பி. 2014-ல் அதன் தலைவரான அநுர, இரண்டாவது கிளர்ச்சிக் காலத்தில் நிகழ்ந்த கொலைகளுக்காக வருத்தம் தெரிவித்தார். ஜே.வி.பி. தலைமையில் பல அமைப்புகளை இணைத்து உருவான தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளராக 2019-ல் போட்டியிட்டு 3.16 சதவீத வாக்குகளே பெற்றார். 2022 போராட்டத்துக்குப் பிறகு, ஊழலுக்கும் பரம்பரை அரசியலுக்கும் எதிரான மாற்றாக அவரது செல்வாக்கு வேகமாக வளர்ந்தது. சின்னம் திசைகாட்டி.

பொருளாதாரம்: சுமை யார் மீது?

ரணில்: நிதியத்தின் திட்டத்தை மாற்றமின்றித் தொடர வேண்டும் என்றார். பாதை மாறினால் 2022-ன் வரிசைகள் திரும்பும் என்பது அவரது எச்சரிக்கை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளுடனும் சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கியுடனும் 2024 ஜூனில் எட்டிய கடன் மறுசீரமைப்பு உடன்பாடுகளைத் தமது சாதனையாக முன்வைத்தார். நட்டத்தில் இயங்கும் அரசு நிறுவனங்களைச் சீரமைத்துத் தனியாரை அனுமதிப்பதும் அவரது கொள்கை.

சஜித்: திட்டத்தில் நீடித்தபடியே, ஏழைகள் மீதும் நடுத்தர வகுப்பினர் மீதும் உள்ள சுமை குறையும் வகையில் நிபந்தனைகளைத் திருத்தப் பேச்சு நடத்துவோம் என்றார். தாராளப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் வல்லுநர்கள் அவரது அணியில் இருந்தனர். அதேநேரம், வறிய குடும்பங்களுக்கு மாத உதவித்தொகை போன்ற நலத்திட்டங்களுக்கும் முக்கியத்துவம் தந்தார். வறுமை ஒழிப்புக்காக அவரது தந்தை நடத்திய ஜனசவிய திட்டத்தின் தாக்கம் இதில் தெரிந்தது.

அநுர: நிதியத்துடன் மறுபேச்சு நடத்தப்படும், ஒருதலைப்பட்சமாக வெளியேற மாட்டோம் என்றார். மாத வருமான வரி விலக்கு வரம்பை ஒரு லட்சம் இலங்கை ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்துவதாகவும், உணவு, கல்வி, மருத்துவம் சார்ந்தவற்றுக்கு மதிப்புக் கூட்டு வரியை நீக்குவதாகவும் வாக்குறுதி அளித்தார். ஊழலில் கரையும் பணத்தை மீட்டாலே வருவாயைப் பெருக்கலாம் என்பது அவரது வாதம். நிதியம் வகுத்த வருவாய் இலக்கை எட்டியபடியே இவ்வளவு சலுகைகளை எப்படி வழங்க முடியும் என்று ரணில் தரப்பு கேள்வி எழுப்பியது.

அதிகாரப் பகிர்வு: 13-வது திருத்தம்

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து கொண்டுவரப்பட்ட 13-வது அரசியல் சட்டத் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. எனினும், காவல் துறை, நிலம் தொடர்பான அதிகாரங்கள் முழுமையாக வழங்கப்படவில்லை. 2014-க்குப் பிறகு எந்த மாகாணத்திலும் தேர்தலே நடக்கவில்லை. 9 மாகாணங்களும் ஆளுநர்களின் நிர்வாகத்தில் உள்ளன.

காவல் துறை அதிகாரம் தவிர்த்து மற்றவற்றை நடைமுறைப்படுத்தத் தயார் என 2023 ஜூலையில் தமிழ்க் கட்சிகளிடம் ரணில் தெரிவித்தார். 13-வது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவதாக சஜித் கூறினார். புதிய அரசியல் சட்டத்தின் மூலம் தீர்வு காண்பதாகவும், அதுவரை மாகாண சபைகள் தொடரும் என்றும், அவற்றுக்கு ஓராண்டுக்குள் தேர்தல் நடத்தப்படும் என்றும் அநுர தரப்பு உறுதியளித்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நீக்குவதாகவும் கூறியது.

மூவரின் வாக்குறுதிகளையும் தமிழர்கள் கடந்தகால அனுபவத்தோடு ஒப்பிட்டே பார்த்தார்கள். ரணிலும் சஜித்தும் இடம்பெற்றிருந்த 2015-19 அரசு தொடங்கிய அரசியல் சட்டப் பணி நிறைவடையவில்லை. 1987 ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தது ஜே.வி.பி. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் காரணமான வழக்கின் பின்னணியிலும் அக்கட்சி இருந்தது.

தமிழ், முஸ்லிம் கட்சிகளின் நிலை

இலங்கைத் தமிழரசுக் கட்சி, மனோ கணேசன் தலைமையிலான தமிழ் முற்போக்குக் கூட்டணி, ரவூஃப் ஹக்கீமின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆகியவை சஜித்தை ஆதரித்தன. மலையகத்தில் செல்வாக்குள்ள இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலை ஆதரித்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் நாள் ஊதியத்தை 1,700 ரூபாயாக உயர்த்தும் அரசின் அறிவிப்பு நீதிமன்றத்தில் முடங்கியதால், அங்கு ஊதியமே முதன்மைப் பிரச்சினையாக இருந்தது.

சில தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் இணைந்து, மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி. பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தின. சங்கு சின்னத்தில் போட்டியிட்ட அவரது நோக்கம் வெற்றி பெறுவதல்ல. தமிழர்களின் அரசியல் கோரிக்கையை வாக்குகளால் பதிவு செய்வதே ஆகும். தமிழரசுக் கட்சிக்குள்ளும் ஒரு பிரிவினர் அவரை ஆதரித்தனர். மகிந்தவின் மகன் நாமல் ராஜபக்சே பொதுஜன பெரமுனவின் மொட்டு சின்னத்தில் நின்றார். மாகாணங்களுக்குக் காவல், நில அதிகாரங்களை வழங்குவதை அவர் எதிர்த்தார்.

இந்தியா, சீனா உறவு

நெருக்கடியின்போது சுமார் 400 கோடி டாலர் உதவி அளித்த இந்தியாவுடன் மின் கட்டமைப்பு இணைப்பு, தரைவழிப் பாலத்துக்கான ஆய்வு ஆகியவற்றை ரணில் முன்னெடுத்தார். வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு 2024 ஜனவரி முதல் ஓராண்டுத் தடை விதித்ததும் அவரது அரசே. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்டதும் அவர் பிரதமராக இருந்தபோதுதான்.

இந்திய எதிர்ப்பில் வேரூன்றிய ஜே.வி.பி.யின் தலைவரான அநுர, இந்திய அரசின் அழைப்பின்பேரில் 2024 பிப்ரவரியில் தில்லி வந்து வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரைச் சந்தித்தார். எனினும், மன்னார், பூநகரி பகுதிகளில் அதானி குழுமத்தின் காற்றாலைத் திட்டத்தை ரத்து செய்வதாக அறிவித்தார். சஜித்தின் பிரசாரத்தில் உள்நாட்டு நலத்திட்டங்களே முன்னிலை பெற்றன.

வெற்றி எப்படித் தீர்மானிக்கப்படும்?

வாக்காளர்கள் 1, 2, 3 என மூன்று பேர் வரை விருப்ப வரிசையில் வாக்களிக்கலாம். செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவர் அதிபராவார். எவருக்கும் அது கிடைக்காவிட்டால், முதல் இருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளில் அந்த இருவருக்கும் அளிக்கப்பட்ட இரண்டாவது அல்லது மூன்றாவது விருப்ப வாக்குகள் சேர்க்கப்படும்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட்டது. மும்முனைப் போட்டி காரணமாக 2024-ல் இரண்டாம் சுற்று எண்ணிக்கை தேவைப்படலாம் எனக் கருதப்பட்டது. எனவே, முதல் விருப்பத்தை மட்டும் குறிக்கும் வாக்காளருக்கு, அவரது வேட்பாளர் நீக்கப்பட்டால், இறுதி முடிவில் பங்கு இருக்காது.

அடுத்த சவால்

நிர்வாக அதிகாரம் கொண்ட அதிபர் முறையை ஒழிப்பதாக அநுரவும் சஜித்தும் கூறினர். 1994-ல் சந்திரிகா அளித்த அதே வாக்குறுதி இன்றளவும் நிறைவேறவில்லை. அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் பொது வாக்கெடுப்பும் தேவை. 225 உறுப்பினர் கொண்ட அப்போதைய நாடாளுமன்றத்தில் அநுரவின் அணிக்கு 3 இடங்களே இருந்தன. ரணிலுக்குச் சொந்தக் கட்சி பலம் இருக்கவில்லை. சஜித்துக்கும் பெரும்பான்மை இருக்கவில்லை. ஆகவே, யார் வென்றாலும் வரிக் குறைப்போ அதிகாரப் பகிர்வோ, அளித்த வாக்குறுதிகளை நிறைவேற்ற, அடுத்து வரும் நாடாளுமன்றத் தேர்தலிலும் அவர் வெல்ல வேண்டியிருந்தது.