உதிரிப் பாகமும் ஆயுதமே: ஒரு சட்டம் பிறந்த கதை

மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்ம் சந்தையில் சனிக்கிழமை காலை என்றால் தோளோடு தோள் இடிபடாமல் நடக்க முடியாது. தாப்பாவிலிருந்து மலையேறி வந்த கார்கள் பிரிஞ்சாங் வரை வரிசையாக நிற்கும். ஸ்ட்ராபெரி, சோளம், சர்க்கரைவள்ளி, தேன் பாட்டில் எல்லாம் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைக் காட்டுக்குத் திரும்பும் பக்கம் போனால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். அங்கே ஒரு தேநீர்க் கடையில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன்.

என் கைப்பேசியில் ஒரு செய்திப் படம். அமெரிக்கப் போலீஸ் பறிமுதல் செய்த பொருள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். விரல் நுனி அளவில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். "என்ன தம்பி இது, சைக்கிள் சாமானா?" என்று கேட்டார். கைத்துப்பாக்கியின் பின்புறம் மாட்டினால் அதை இயந்திரத் துப்பாக்கி ஆக்கிவிடும் கருவி, அய்யா என்றேன். அவர் படத்தை மறுபடி பார்க்கவில்லை. கைப்பேசியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டார். "தோட்டா ஒன்னு பையில இருந்தாலும் கயிறுதான்னு சொல்லி எங்கள வளத்தாரு எங்கப்பா" என்றார்.

அந்த அப்பா சொன்னது மிரட்டல் அல்ல. அவர் காலத்தில் அதுதான் சட்டம். அந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், நம்மவர் ஒருவரின் கழுத்தைச் சுற்றிய கயிற்றில் போய் முடிகிறது.

முதலில் அந்தத் துண்டைப் பற்றி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் போவது சாதாரணக் கைத்துப்பாக்கி. விசையிலிருந்து விரலை எடுக்கும்வரை குண்டு பாய்ந்துகொண்டே இருப்பது இயந்திரத் துப்பாக்கி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தடையை நீக்குவதுதான் இந்த மாற்றுக் கருவியின் வேலை. ஆஸ்திரியாவின் கிளாக் கைத்துப்பாக்கிக்காக இதை உருவாக்கியவர் வெனிசுவேலாவைச் சேர்ந்த ஹோர்ஹே லெயோன். 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். காப்புரிமைக் காலம் முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்தார்கள். அமெரிக்காவில் 2012 முதல் 2016 வரை கைப்பற்றப்பட்ட மாற்றுக் கருவிகள் 814. அடுத்த ஐந்தாண்டில் 5,454. 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி அதிகாலை கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத் தெருவில் ஆறு பேர் செத்து விழுந்தபோது, அங்கே முழங்கிய துப்பாக்கிகளில் ஒன்று இப்படி மாற்றப்பட்டது.

மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தக் கருவி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் அதன் விளக்கப் பிரிவைப் படித்தால், அந்தத் துண்டை மனதில் வைத்தே எழுதியதுபோல் இருக்கும். குண்டைச் செலுத்தக்கூடிய, உயிர்போக்கும் குழல் ஆயுதம் மட்டும் ஆயுதம் அல்ல. அப்படிச் செலுத்தும்படி மாற்றத்தக்கதும் ஆயுதம்தான். அந்த ஆயுதத்தின் எந்த உதிரிப் பாகமும் ஆயுதம்தான். சத்தத்தையோ தீப்பொறியையோ மறைக்க மாட்டும் துணைக்கருவியும் ஆயுதம்தான். துப்பாக்கியை எத்தனை துண்டாகப் பிரித்து ஒளித்தாலும் ஒவ்வொரு துண்டும் சட்டத்தின் கண்ணுக்கு முழுத் துப்பாக்கி.

இந்த எண்ணம் வந்த வழி நமக்குப் பழக்கமான வழிதான். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த இந்திய ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் வாள், ஈட்டி, வில், அம்பு, பீரங்கியோடு ஆயுதத்தின் பாகங்களையும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தே எழுதியது. 1857 கிளர்ச்சியை மறக்காத ஆட்சி அது. ஊரில் ஒரு கொல்லன் துப்பாக்கிக் குழாயும் குதிரையும் செய்து வைத்திருந்தால்கூடப் பயம். வெள்ளையருக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மார், துரைக்குத்தான் துப்பாக்கி என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டு வந்தவர்கள். 1929-ல் கேமரன் மலையில் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

பிறகு 1948 வந்தது. ஜூன் 16-ஆம் தேதி, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஒரே காலையில் மூன்று வெள்ளைத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் விரிந்தது. அவசரகால விதிகளின் 4-ஆவது விதி துப்பாக்கி வைத்திருப்பதையும் தோட்டா வைத்திருப்பதையும் மரண தண்டனைக் குற்றம் ஆக்கியது. சுட்டிருக்க வேண்டியதில்லை, மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. கையில் இருந்தால் போதும். துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடு தேயிலைக்குள் நடந்தார்கள். தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூடை சோதிக்கப்பட்டது. பெரியவரின் அப்பா அந்தப் பாடத்தைக் கற்றது அப்போதுதான்.

1949 மார்ச் மாதத் தொடக்கம். ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் ஒரு தமிழர் பிடிபடுகிறார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டைக்காரர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அந்தச் சம்மேளனம் முந்தைய ஜூனில்தான் தடை செய்யப்பட்டிருந்தது. எஸ்.ஏ. கணபதி, தமிழ்நாட்டில் மலாயா கணபதி என்றால் மூத்தவர்களுக்குத் தெரியும்.

வழியில் கிடந்த துப்பாக்கியை எடுத்துப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பதே அவர் தரப்பு என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15-ல் தூக்குத் தண்டனை. பிடிபட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையில் இரண்டு வாரம்தான். அந்த ஆறு தோட்டாவில் ஒன்றுகூட யார் மீதும் பாய்ந்ததாக வழக்கு இல்லை. சுதந்திர இந்தியாவின் அரசு, நேருவின் அரசு, கருணை கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை. மே 3-ஆம் தேதி, கணபதிக்குப் பின் சங்கப் பொறுப்பைத் தாங்கிய வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், 1949 மே 4, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

கணபதி கம்யூனிஸ்டா இல்லையா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு பொருளைக் கையில் வைத்திருந்ததற்காக மட்டும் ஒரு மனிதனைக் கொல்லும் சட்டம், அந்தப் பொருளுக்கு எதிரான சட்டம் அல்ல. ஆட்சிக்குப் பிடிக்காத மனிதனை எடுத்துப் போட வசதியான சட்டம். அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல்.

அதே விதியில் மாட்டிய இன்னொரு தமிழரின் கதையை நம்மில் பலர் அறியோம். சட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் பெயர் தெரியும். சாம்பசிவம். ஜொகூரில் 1948 செப்டம்பரில் நடந்த மோதலில் காயப்பட்டுப் பிடிபட்டவர். துப்பாக்கி ஒரு குற்றச்சாட்டு, தோட்டா இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக்கு மறுவிசாரணை, அதில் தூக்கு. மறுவிசாரணையில் அவருக்கு எதிராக வைத்த வாக்குமூலத்திலோ துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே இருந்தன. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950-ல் பிரபு மெக்டெர்மட் எழுதிய தீர்ப்பு தண்டனையை ரத்து செய்தது: ஒருமுறை விடுதலை என்று தீர்ப்பானால், அது இனி அந்த இரு தரப்புக்கும் இடையில் முடிந்த உண்மை; அதைக் குற்றம் போலவே வேறு வழக்கில் காட்ட முடியாது. காமன்வெல்த் நீதிமன்றங்கள், இந்திய உச்ச நீதிமன்றம் உட்பட, இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. கணபதிக்கு இரண்டு மாதம் கிடைத்தது. சாம்பசிவத்துக்கு மேல்முறையீட்டுக்கு நேரம் கிடைத்தது. உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது அந்த நேரம்தான் என்று நினைக்கிறேன்.

1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. பயம் முடியவில்லை. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இரண்டாவதன் 57-ஆவது பிரிவு, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாயத் தூக்கு என்றது. 1977-ல் பினாங்கில் அந்தப் பிரிவு, பிடிபட்டபோது பதினான்கே வயதான ஒரு பையனுக்குத் தூக்கு விதித்தது. வழக்கறிஞர் கர்பால் சிங் போராடினார், உலகம் முழுக்கக் குரல் எழுந்தது, தண்டனை குறைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1971-ல், துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் சேர்ந்திருந்தது. உரிமமில்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. கொள்ளை போன்ற குற்றத்தின்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கோடு சுட்டால் கட்டாயத் தூக்கு என்றானது. போலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும் சிறையும் பிரம்படியும் உண்டு. 2023 ஜூலை 4-ஆம் தேதிதான் கட்டாயம் என்ற சொல் நீங்கியது. இப்போது நீதிபதி தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். கணபதி செத்து 74 ஆண்டு கழித்து.

இந்தியா வேறு பாதையில் போனது. 1959-ன் ஆயுதச் சட்டம் 6-ஆவது பிரிவில், குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை உண்மையானதாக மாற்றுவதையும் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்று தனியாகவே எழுதியது. 2019-ல் ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்தார்கள். அதே சட்டத்தில் இருந்த கட்டாயத் தூக்கை 2012-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மாற்றும் செயலைக் குறிவைத்துப் பிடித்தார்கள். கழுத்தைச் சட்டம் தானாக இறுக்குவதை நிறுத்தினார்கள். எனக்கு இதுதான் சரியான வரிசை என்று படுகிறது.

எதிர்ப்புறத்தில் அமெரிக்கா. அங்கும் 1968 முதலே மாற்றுப் பாகத்தை இயந்திரத் துப்பாக்கியாகவே சட்டம் கணக்கிடுகிறது, பத்தாண்டுவரை சிறை. ஆனால் 2017 அக்டோபர் 1-ல் லாஸ் வேகஸ் இசைவிழாக் கூட்டத்தின் மீது குண்டுமழை பொழிய உதவிய, விசையை வேகவேகமாக இயங்கவைக்கும் அதிர்வுக் கட்டையை (பம்ப் ஸ்டாக்) 2019-ல் தடை செய்தும், 2024 ஜூன் 14-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அந்தத் தடையைத் தள்ளியது. விசை ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாக இயங்குகிறது, ஆகவே அது சட்டம் சொல்லும் இயந்திரத் துப்பாக்கி இல்லை என்றது பெரும்பான்மை. பிணங்களை எண்ணாமல் விசையின் அசைவை எண்ணினார்கள். பாகங்கள் என்று லிட்டனின் எழுத்தர்கள் பயத்தில் எழுதிய ஒரு வார்த்தை, மாற்றத்தக்கது என்று பின்னால் வந்த இன்னொரு வார்த்தை, இவற்றின் அருமை அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

பெரியவரிடம் கணபதியின் கதையைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். "ஒப்படைக்கத்தான் போனாருன்னு எங்கப்பாவும் சொல்வாரு" என்றார். பிறகு, "போகாம அங்கேயே விட்டிருக்கலாம்" என்றார்.

இதைப் படிக்கும் மலேசியத் தம்பி தங்கைகளுக்கு. இணையத்தில் துப்பாக்கி உதிரி, விளையாட்டுத் துப்பாக்கிச் சாமான் என்ற பெயரில் விற்கும் எதையும் வரவழைக்காதீர்கள். அது துண்டாக வந்தாலும் இந்நாட்டில் ஆயுதமே. தோட்டத்திலோ காட்டிலோ அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999-க்கு அழையுங்கள்.