அச்சுப்பிசாசு

புத்தகத்தில் பிழை மலிந்திருந்தால் பதிப்பாளர் கைவசம் ஒரு சாக்கு உண்டு: ‘எல்லாம் அச்சுப்பிசாசின் வேலை.’ நம்மூர் முருங்கை மரத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் தோன்றினாலும், இந்தப் பிசாசு கப்பலேறி வந்த இங்கிலாந்துச் சரக்கு.

அங்கே அது பிழையல்ல, ஆள். அச்சகத்து எடுபிடிப் பையனைத்தான் ‘பிரின்டர்ஸ் டெவில்’ என்றார்கள். அச்சுத்தொழிலைப் பற்றி 1683-இல் விரிவாக எழுதிய ஜோசப் மாக்ஸன், பையன்கள் மையை அப்பிக்கொண்டு கன்னங்கரேலென்று திரிவதால் தொழிலாளிகள் வேடிக்கையாக வைத்த பெயர் என்கிறார். இன்னொரு கதையும் உலவுகிறது. துறவிகள் வழிபாட்டில் விழுங்கிய அசைகளை மூட்டை கட்டித் தூக்கிப்போகும் டிட்டிவில்லஸ் என்ற குட்டிப்பிசாசு அது. ஏடெழுதுவோரின் பிழைகளும் பிற்பாடு அதன் கணக்கில் ஏறின. எனக்கென்னவோ மாக்ஸனின் மைதான் நம்பும்படி இருக்கிறது.

தமிழுக்கு வந்ததும் பையன் கழன்றுகொண்டான், பிழையே பிசாசாகிவிட்டது. ஜெர்மன்காரர்களும் ‘அச்சுப்பிழைப் பிசாசு’ என்றே சொல்கிறார்கள். இதில் ஒரு வசதி: பையனென்றால் கூப்பிட்டுத் திட்டலாம், பிசாசை எங்கே போய்த் தேடுவது? 1631-இல் லண்டனில் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் அச்சிட்ட விவிலியத்தில், பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் எதிர்மறைச் சொல் விடுபட்டு, விபசாரம் செய் என்றாகிவிட்டது. அரசு பிசாசைத் தேடவில்லை. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் போட்டது.

ஈய எழுத்துக் காலத்தில் பிசாசு குடியிருந்தது எழுத்துப் பெட்டியில். அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து அந்தந்த அறையில் திரும்பப் போடவேண்டும். ளகரத்தின் அறையில் ஒரு ழகரம் விழுந்தால் போதும். அடுத்த வாரம் கம்பாசிட்டர் கை பார்க்காமலே அதை எடுத்துக் கோத்துவிடும். எழுத்தோ இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். கொம்பு தனி அச்சு. ஒரு கொம்பு கூடினால் ‘அமைச்சர் வந்தார்’ என்பது ‘அமைச்சர் வெந்தார்’ ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணோ பொருளை ஒட்டியே ஓடும். வெந்தவரையும் வந்தவராகவே படித்துவிட்டுப் போகும்.

ஈயம் போய்விட்டது, கொம்பின் சேட்டை போகவில்லை. பழைய எழுத்துருக்களில் மெய்க்கு முன்னால் தட்டிய கொம்பு, ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் பதிவாகவேண்டும். மாற்றித்தரும் மென்பொருள் சறுக்கினால் பக்கத்து எழுத்துக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. தாளையே காணாத மின்னூலில் வந்தாலும் அதை அச்சுப்பிழை என்றுதான் சொல்கிறோம்.