டயருக்கு கிரேடு இருக்கு... ரோட்டுக்கு ஏன் இல்லை? ஐரோப்பா தேடும் ஒரே அளவுகோல்

ஐரோப்பாவில் கார் டயர் வாங்கப் போனால் அதோடு ஒரு லேபிள் வரும். ஈர ரோட்டில் எவ்வளவு பிடிக்கும், எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும், சத்தம் எவ்வளவு வரும் என மூன்று விஷயங்கள் அதில் இருக்கும். 2012 நவம்பர் முதல் இது கட்டாயம். சரி, அந்த டயர் ஓடப்போகும் ரோட்டின் பிடிமானம்? அதை அளக்க நாட்டுக்கு நாடு வேறு வேறு கருவி, வேறு வேறு முறை.

பிடிமானம் பாதியானால் என்ன ஆகும்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு 0.6 என்றால், பிரேக் பிடித்த பிறகு சுமார் 42 மீட்டரில் கார் நின்றுவிடும். அதுவே 0.3 என்றால் சுமார் 84 மீட்டர் ஓடும். எதிரே ஒருவர் ரோட்டைக் கடந்தால், அந்தக் கூடுதல் 42 மீட்டர்தான் உயிருக்கும் விபத்துக்கும் இடையிலான தூரம்.

ரோடு வழுக்குவது ஏன்?

தாரில் பதிந்துள்ள ஜல்லிக் கல்லின் நுண்ணிய சொரசொரப்புதான் டயரைப் பிடிக்கிறது. கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மழைநீரை வெளியேற்றுகிறது. வண்டிகள் ஓட ஓட, கல் பாலிஷ் போட்டதுபோல் மழமழவென்று ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் சீக்கிரமே தேயும்.

இதில் சிக்கல் என்னவென்றால், பள்ளம் கண்ணுக்குத் தெரியும், வழுக்கல் தெரியாது. பார்க்க 'சூப்பர் ரோடு' போல இருக்கும் இடமே மழையில் ஆபத்தாக இருக்கலாம். அதனால்தான் கருவி வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

எப்படி அளக்கிறார்கள்?

பிரிட்டனில் 'ஸ்கிரிம்' என்ற லாரி ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓடும். அதிலுள்ள சோதனைச் சக்கரம் 20 டிகிரி திரும்பியிருக்கும். அதன்மேல் பக்கவாட்டில் விழும் விசையை வைத்துப் பிடிமானத்தைக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் டிரெய்லர் சக்கரத்தை முழுவதுமாக லாக் செய்து இழுப்பார்கள். 'கிரிப் டெஸ்டர்' என்ற கருவியில் சக்கரம் பெரும்பாலும் உருண்டு, கொஞ்சம் மட்டும் வழுக்கும்.

வேகம், டயர் ரப்பர், தண்ணீரின் அளவு எல்லாமே மாறுவதால், ஒரு கருவி காட்டும் 0.5-ம் இன்னொன்று காட்டும் 0.5-ம் ஒன்றல்ல.

ஒரே அளவுகோல் வந்தால் என்ன லாபம்?

ஒரு நாட்டில் பலன் தந்த பாதுகாப்பு அளவை இன்னொரு நாடு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லை தாண்டி வரும் கான்ட்ராக்டருக்கும் ஒரே நிபந்தனை போடலாம்.

இதற்காக 1992-ல் உலக சாலைகள் சங்கமான 'பியார்க்', பல நாட்டுக் கருவிகளை பெல்ஜியம், ஸ்பெயின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அதிலிருந்து சர்வதேச உராய்வுக் குறியீடு பிறந்தது. 2013-ல் ஐரோப்பிய யூனியன் நிதியில் 'ரோசான்' திட்டம் தொடங்கியது. பிடிமானம், உருளும்போது வரும் தடை, சத்தம் என டயர் லேபிளில் உள்ள அதே மூன்றையும் ரோட்டுக்கு அளக்கப் பொதுத் தரம் தேடியது.

அப்புறம் என்ன தடை?

கருவியை மாற்றினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய அளவுகளோடு ஒப்பிடுவது கஷ்டம். ஆனாலும் முடியாத காரியம் இல்லை. விமான ஓடுபாதை ஈரமா, பனியா என்பதை 0 முதல் 6 வரையிலான ஒரே குறியீட்டில் சொல்லும் முறை 2021 நவம்பர் 4 முதல் உலக அளவில் அமலுக்கு வந்தது.

எல்லா ரோட்டுக்கும் ஒரே எண்ணா?

இல்லை. அளக்கும் முறைதான் ஒன்றாக வேண்டும், தேவை இடத்துக்கு இடம் மாறும். 1988 முதல் பிரிட்டனின் முக்கியச் சாலைகளில் இதற்கென விதிமுறை உண்டு. நேரான மோட்டார்வேயைவிட, பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால் அங்கே அதிகப் பிடிமானம் எதிர்பார்க்கப்படுகிறது. அளவு குறைந்தால் உடனே ரோட்டைப் பெயர்ப்பதில்லை. விபத்து விவரங்களையும் சேர்த்து ஆய்வு செய்த பிறகே முடிவெடுப்பார்கள்.