மஞ்சளும் நீலமும் பச்சையான கதை

மஞ்சளோட நீலத்தைக் குழைச்சா பச்சை வரும். கேமல் வாட்டர்கலர் டப்பா வைத்திருந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் ரொம்ப காலம் தெரியாது. திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள். மஞ்சள் 255, 255, 0. நீலம் 0, 0, 255. பாதிக்குப் பாதி கலந்தால் மூன்றுமே ஏறக்குறைய 128. அதாவது, வெறும் சாம்பல்!

ஏன் இப்படி? திரை ஒளியைக் கூட்டுகிறது; பெயின்ட் ஒளியைத் தின்கிறது. பூச்சுக்குள் நுழையும் ஒளியில் கொஞ்சத்தை நிறமித் துகள்கள் விழுங்கும், மிச்சத்தைச் சிதறடிக்கும். மஞ்சள் துகள் நீல ஒளியை விழுங்கும். நீலத் துகள் சிவப்பை விழுங்கும். இரண்டிடமும் தப்பி அதிகம் வெளியே வருவது பச்சைதான்.

இதற்குக் கணக்கு போட்டவர்கள் பவுல் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க், ஆண்டு 1931. பூச்சுக்குள் ஒளி மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே ஓட்டமாகப் போவதாக எளிமையாக்கினார்கள். விழுங்கும் அளவு, சிதறடிக்கும் அளவு என்று இரண்டு எண்கள் கிடைத்தன. பிற்பாடு, கலவைக்கு இந்த எண்களை நிறமிகளின் விகிதப்படி கூட்டினார்கள்.

அதே 1931-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார் எஸ். சந்திரசேகர். மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் அவர் எடுத்துக்கொண்டதும் இதே மாதிரிக் கேள்விதான். பெயின்டுக்குப் பதில் விண்மீனின் வளிமண்டலம். அங்கேயும் ஒளி விழுங்கப்படுகிறது, சிதறுகிறது, தப்பி வருகிறது. இரண்டு ஓட்டக் கணக்கை ஆர்தர் ஷுஸ்டர் 1905-லேயே விண்மீனுக்குப் போட்டிருந்தார். சந்திரசேகர் எல்லாத் திசைகளுக்கும் போட்டார். 1950-ல் அது 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற புத்தகமானது.

"நம்ம மயிலாப்பூர்க்காரர் கண்டுபிடிச்சதுதான்"னு எழுத எனக்கும் ஆசைதான். ஆனா அது வரலாறு இல்லை. பெயின்ட் சமன்பாடு அவர் புத்தகத்துக்கு முந்தியது. இரண்டும் பங்காளிகள், அவ்வளவுதான். பங்காளிகள் மறுபடி சந்தித்த இடம் கணினி வரைகலை. 1980-களில் மேகத்தையும் புகையையும் திரையில் வரைய முயன்றவர்கள் சந்திரசேகரைப் புரட்டினார்கள். 1997-ல் கணினியில் வாட்டர்கலர் செய்தவர்கள் குபெல்கா-முங்கை எடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு வரையும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும், அந்தப் பழைய மூன்று எண்களுக்குள்ளும் அடங்க வேண்டும். 2021-ல் சார்க்கா சோகோரோவாவும் ஒன்ட்ரே யாம்ரிஷ்காவும் 'மிக்ஸ்பாக்ஸ்' மூலம் அதைச் சாதித்தார்கள். 'ரெபெல்' என்ற ஓவிய மென்பொருளில் அது இருக்கிறது. அதில் மஞ்சள் மேல் நீலத்தை இழுத்துப் பாருங்க. பச்சை வரும்.